ஆண் பார்க்கும் படலம்

கேள்வி: எனக்கு வயது 29. மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ஏப்ரலில் டேட்டிங் ஆப் வழியாக ஒருவர் பழக்கமானார். முதல் மூன்று மாதமும் கால் தரையில் பாவவில்லை. காலையில் கண் விழித்தால் அவருடைய வாய்ஸ் மெசேஜ், சனிக்கிழமை ஆனால் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை, பிறந்தநாளுக்குக் கடைக்கே வந்து பூங்கொத்து. ஆகஸ்டில் எல்லாம் வற்றிவிட்டது. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்த அன்று பயந்துபோய் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. "மாறிவிட்டீர்களே" என்றால், "நான் எப்போதுமே இப்படித்தான்" என்கிறார். மாமாவிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே, "கார்டினால் குருவியைப் பார். சீசன் முடிந்தால் சிவப்பு போய்விடும். ஆண் பிறவி எல்லாமே அப்படித்தான், அது இயற்கை" என்றார்.

இதற்கு நடுவில் அம்மா ஒரு வரன் கொண்டுவந்தார். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார்கள். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கத்தோ பிமா வடை சாப்பிட்டார். கிளம்பும்போது கீழே விழுந்துகிடந்த அப்பாவின் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒருவர் காட்டியதெல்லாம் நாடகம். இன்னொருவர் எதையுமே காட்டவில்லை. எதை வைத்து ஒருவரை நம்புவது? மாமா சொன்னது உண்மையா?

பின்குறிப்பு: முதலாமவர் ஜூலையில் என்னிடம் 12,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறார். அவருடைய நம்பரை அழித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் மாமா கதைக்கு வருகிறேன். ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன் சென்னையில் விலங்கியல் படித்தவள் நான். மனிதர்கள் செய்யும் காரியத்துக்குக் குருவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் எனக்குப் பொறுக்காது.

மாமா சொன்னதில் பாதி சரி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் தீவு முழுக்கப் பரவிய கார்டினாலில், ஆண் மட்டும்தான் கூடு கட்டும் காலத்தில் சிவக்கும். காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து, பெட்டையோடு பெட்டையாகப் பழுப்பாகிவிடும். ஆனால் அந்தச் சிவப்பு பொய் இல்லை. பறவைகளின் இந்த மாதிரிச் சிவப்பெல்லாம் தின்னும் தீனியிலிருந்து வரும் நிறமியால் ஆனது. செக்கச்செவேல் என்று ஒரு ஆண் நிற்கிறது என்றால், ஒழுங்காக இரை தேடித் தின்கிறது, உடம்பு தேவலை என்று அர்த்தம். அதை வருஷம் முழுக்கத் தூக்கிச் சுமக்க முடியாது, அதனால் இறக்கி வைக்கிறது. இதில் வஞ்சகம் ஏதும் இல்லை.

மனிதர்களுக்கும் அப்படி ஒரு சிவப்பு உண்டு. ஆண்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் உண்டு. புதிதாக ஒருவரைப் பிடித்துவிட்டால் தூக்கம் குறையும், பசி குறையும், ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ் போகும். அது அப்படியே நிற்காது. நின்றால் யாரும் வேலைக்குப் போக முடியாது. ஆகையால் அவருடைய வாய்ஸ் மெசேஜ் குறைந்ததையும், சனிக்கிழமைக் கடற்கரை நின்றுபோனதையும் ஒரு கணக்கில் எழுதுங்கள். ஆபரேஷன் அன்று வந்த அந்தக் கட்டைவிரலை வேறு கணக்கில் எழுதுங்கள். முதலாவது நிறம் வெளுத்தது. இரண்டாவது நிறத்தில் சேராது. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. மாமாவின் காதிலும் அப்படியே விழுந்திருக்கிறது. அதனால்தான் அவரால் சிரிக்க முடிந்தது.

காத்ர் போர்னில் என் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் புதர் இருக்கிறது. இந்த மாதங்களில் அதில் ஒரே இரைச்சல். கறுப்பு முகமும் மஞ்சள் உடம்புமாக இருக்கும் நெசவுக்குருவிகள். நம் ஊர்த் தூக்கணாங்குருவிக்கு ஆப்பிரிக்கப் பங்காளி, இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. வருகிறவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் என் கண் அங்கேதான் போகும், மன்னிக்கவும்.

ஆண் முதலில் கரும்புத் தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டும். நாரைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் நீளமாகக் கிழிந்து கையோடு வந்துவிடும். மூங்கில் நுனியில் முதலில் ஒரு வளையம். வளையத்துக்குள் உட்கார்ந்துகொண்டே முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு வாசல். கூடு பச்சையாக இருக்கும்போதே, வாசலுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கி, சிறகின் உட்பக்க மஞ்சள் தெரிய அடித்துக்கொண்டு கத்தும். இங்கே வா, இங்கே வா என்று. ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இப்படித் தொங்கினால் ரோஸ் ஹில் பஸ் நிலையம் தோற்றுவிடும்.

மங்கிய நிறத்தில் ஒரு பெட்டை வரும். ஆடுகிறவனை நின்று ரசிப்பதெல்லாம் கிடையாது. நேராக உள்ளே போய்விடும். உள்ளே என்ன செய்கிறது தெரியுமா? கூரை நாரை அலகால் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. வெளியே வந்து பறந்துவிடுகிறது. அடுத்த கூடு. மறுபடி இழுப்பு. பச்சை வாடிப் பழுத்துப்போன கூடு என்றால் பெரும்பாலும் தீண்டாது. பழைய நார் தாங்காது, புதிய நார்தான் மழைக்கும் குஞ்சுக்கும் தாங்கும். ஒரு வாரம் போல யாரும் ஏற்கவில்லை என்றால், ஆண் தானே அந்தக் கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு அதே கிளையில் புதிதாகக் கட்டத் தொடங்கும். ஏற்றுக்கொண்டால், பெட்டை மென்மையான புல்லும் இறகும் கொண்டுவந்து உள்ளே பரப்பும்.

நாம் இதை எப்போதும் ஆணின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். மயில் ஆடுகிறது, குயில் கூவுகிறது, சிங்கத்துக்குப் பிடரி. யாருக்காக ஆடுகிறது, அவள் எதைப் பார்க்கிறாள் என்று கேட்பதில்லை. கேட்டவர் டார்வின். மனிதர் 1836-இல் நம் போர்ட் லூயிஸில் பத்து நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். தீவில் இருந்த ஒரே யானை மீது சவாரியும் செய்திருக்கிறார் (இதை இந்த ஊரில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, எனக்கு வருத்தம்தான்). பிற்பாடு, மயில் தோகையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று நண்பருக்கு எழுதினார். பிழைப்புக்கு எந்த உபயோகமும் இல்லாத அவ்வளவு பெரிய வாலை எப்படி விளக்குவது என்ற தவிப்பு. பெட்டை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே தோகை நீண்டது என்று 1871-இல் அவர் பதில் சொன்னபோது, கூட இருந்த விஞ்ஞானிகளுக்கே ஜீரணமாகவில்லை. இயற்கைத் தேர்வை அவரைப் போலவே தனியாகக் கண்டுபிடித்த வாலஸ்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் சண்டை போடுவார்கள் என்றால் சரி, பெண் உட்கார்ந்து பொறுக்குவாள் என்றால் எப்படி? அந்த யோசனை நன்றாக வேர் பிடிக்க ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது.

நம் வீடுகளில் இன்னும் பிடிக்கவில்லை. போன ஞாயிறு உங்கள் வீட்டில் நடந்ததற்குப் பெயர் என்ன? பெண் பார்த்தல். பார்ப்பவர்கள் அவர்கள், பார்க்கப்படுபவர் நீங்கள். தட்டை நீட்டினீர்கள், உட்கார்ந்தீர்கள், எழுந்து போனீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்ததும் வேறு வேஷத்தில் அதேதான் என்று எனக்குப் படுகிறது. பூங்கொத்து உங்களைத் தேடி வந்தது, மெசேஜ் உங்களைத் தேடி வந்தது. நீங்கள் ஆடியன்ஸாக இருந்தீர்கள். மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது நாரை இழுத்துப் பார்த்தீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. கட்டைவிரல் அனுப்பியது அவர்தான், நீங்கள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது, எதை வைத்து நம்புவது என்று. அதற்கு ஆடுகிறவனைப் பற்றி மட்டும் பேசிப் பிரயோஜனம் இல்லை.

பரிசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு சிலந்தி இருக்கிறது. ஆண் சிலந்தி ஒரு பூச்சியைப் பிடித்துப் பட்டு நூலால் சுற்றிப் பொட்டலமாக்கி, பெண்ணிடம் கொண்டுவந்து நீட்டும். அவள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னும் நேரம்தான் அவனுக்குக் கிடைக்கும் நேரம். சில ஆண்கள் தாங்களே தின்று தீர்த்த சக்கையையோ காய்ந்த செடித் துணுக்கையோ அதே மாதிரி அழகாகச் சுற்றிக் கொண்டுவருவார்கள். பொட்டலம் பிரியாதவரை தெரியாது. பிரிந்ததும் பெண் சீக்கிரமே விலகிவிடுகிறாள். ஆக, ஏமாற்று என்பது மனிதன் கண்டுபிடித்ததில்லை. பொட்டலத்தைச் சீக்கிரம் பிரிப்பதும் நாம் கண்டுபிடித்ததில்லை.

இன்னொரு மாதிரிப் பரிசுக்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் நம்முடைய சின்ன வல்லூறு இருக்கிறது. 1974-இல் காட்டில் நான்கு பறவைதான் மீதி என்ற நிலைக்கு வந்து, பிறகு காப்பாற்றப்பட்ட பறவை. அதில் ஆண், துணை தேடும் காலத்தில் பச்சைப் பல்லியைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டைக்குக் கொடுக்கும். இதுவும் காதல் பரிசுதான். ஆனால் பிற்பாடு அவள் அடைகாக்க உட்கார்ந்தால், அவளுக்குப் பசியாற்ற வேண்டியவனும் அவன்தான். அன்றைக்கும் அவன் செய்யப்போவது இதே வேலை, இதே பல்லி. இன்றைக்கு அதை ஒத்திகை பார்க்கிறான், அவள் அதைக் கவனிக்கிறாள்.

பூங்கொத்துக்கும் பல்லிக்கும் இதுதான் வித்தியாசம். பூங்கொத்து வாங்குகிறவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் வாங்கிவந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் பூங்கொத்தைக் கொண்டு, பத்து வருஷம் கழித்து உங்களுக்குத் தேவைப்படப்போகிற எதையும் அளக்க முடியாது. வாக்குக் கொடுத்த நேரத்துக்கு வருவது, தனக்கு அசௌகரியமான நாளில் உதவுவது, உங்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாதபோது எப்படிப் பேசுவது, ஹோட்டலில் தட்டு மாறி வந்தால் பரிமாறும் பையனிடம் எந்தக் குரலில் பேசுவது. இவையெல்லாம் பல்லி வகை.

நம்முடைய பழைய பாட்டுக்காரர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்திருந்தது. ஊர் நடுவே பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, கருக்கு உடம்பைக் கிழிக்க, இவள்தான் எனக்கு வேண்டும் என்று ஒருவன் வருவதாக மடலேறுதல் என்ற துறையே வைத்திருந்தார்கள். மயில் தோகையைவிடச் செலவு அதிகமான ஆட்டம் அது, மானமும் ரத்தமும் சேர்ந்து போகும். பெரும்பாலும் ஏறப்போகிறேன் என்ற மிரட்டலோடு நின்றுவிடும் என்பது வேறு விஷயம். அதே சங்கப் பாட்டில் பிரிந்துபோனவனை நினைத்து ஒருத்தி ஆறுதல் தேடும்போது மடலையும் குதிரையையும் சொல்லவில்லை. கன்று கலக்கிய கொஞ்சம் தண்ணீரைப் பிடிக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு தான் குடிக்கும் களிறைச் சொல்கிறாள். அவன் போகிற காட்டில் அந்த யானை இருக்கிறது, அதைப் பார்த்தால் திரும்பி வருவான் என்று. எனக்கு இந்த இடம் எப்போதும் பிடிக்கும்.

'ஆண் பிறவி எல்லாமே' என்ற மாமாவின் மிச்சப் பாதிக்கு வருகிறேன். 1972-இல் டிரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு எளிய கணக்குப் போட்டார். குஞ்சுக்காக யார் அதிகம் செலவழிக்கிறார்களோ அவர்கள் பொறுக்குவார்கள், குறைவாகச் செலவழிப்பவர்கள் ஆடிக் காட்டுவார்கள். ஆணா பெண்ணா என்பது இரண்டாம்பட்சம். கடல் குதிரையில் ஆண்தான் முட்டையை வயிற்றுப் பையில் சுமக்கிறது. இலைக்கோழியில் பெண் இன்னொரு பெண்ணோடு சண்டை போட்டு ஆண்களைப் பிடிக்கும், அடைகாப்பது ஆண். இரண்டு பேரும் சமமாகச் செலவழித்தால்? நம்ம பாயாங்கேயைப் பாருங்கள். ஏர் மொரிஷியஸ் விமானத்தின் வாலில் வரைந்திருப்பதே, அதே பறவை. ஒரே ஒரு முட்டை, இருவரும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். அங்கே ஆணுக்கும் நீள வால், பெண்ணுக்கும் நீள வால். பாறை ஓரமாக இரண்டும் சேர்ந்து பறக்கும்போது, மேலே பறப்பது தன் வாலைத் தாழ்த்திக் கீழே பறப்பதைத் தொடும். யார் ஆடுகிறார், யார் பார்க்கிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மனிதப் பிள்ளையை ஆளாக்க இருபது வருஷம் ஆகிறது, பள்ளிக்கூட டியூஷனையும் சேர்த்தால் இன்னும் கூட. அவ்வளவு செலவை ஒருத்தர் தலையில் கட்ட முடியாது. அதனால் நம் இனத்தில் இருவரும் காட்டுகிறோம், இருவரும் பொறுக்குகிறோம். கார்டினாலைக் காட்டித் தப்பிக்கிற வழி நமக்குக் கிடையாது. தவிர, குருவிக்கு "நான் இப்படித்தான்" என்று சொல்லத் தெரியாது. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பிராணிக்கு, வேறு மாதிரி இருக்கவும் முடியும். இதை மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று வேண்டாம். அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்வார், இந்தத் தீவில் எங்கே ஒளிவது.

இப்போது டீயைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு ஊன்றுகோலுக்காக யாரையும் கல்யாணம் செய்துகொள்ளாதீர்கள். கீழே விழுந்த கோலை யாரும் எடுப்பார்கள். அவருடைய மௌனம் கூச்சமாக இருக்கலாம். அம்மாவும் பெரியம்மாவும் இழுத்துவந்ததில் இஷ்டமில்லாமல் இருக்கலாம். அவருக்கு வேறு எங்காவது மனசு இருக்கலாம். அல்லது நிஜமாகவே பேச ஒன்றும் இல்லாதவராக இருக்கலாம், அப்படியும் ஆட்கள் உண்டு. ஆடாதவன் எல்லாம் உண்மையானவன் என்று நினைப்பதும், ஆடுகிறவன் எல்லாம் கபடன் என்று நினைப்பதும் ஒரே தப்புதான். ஒரு தடவை சுட்டுக்கொண்டவர்கள் பச்சைத் தண்ணீரையும் ஊதிக் குடிப்பார்கள். அந்த வேகத்தில் நீங்கள் ஊமை மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஹாலில் யாராலும் தன்னைக் காட்ட முடியாது. இடத்தை மாற்றுங்கள். அம்மாவிடம் சொல்லி, அவரோடு நீங்கள் தனியாக இரண்டு மூன்று முறை வெளியே போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கடற்கரையும் வேண்டாம், பெரிய ரெஸ்டாரண்டும் வேண்டாம், அங்கே எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். சனிக்கிழமை காலை காத்ர் போர்ன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம், வெயில், பார்க்கிங் கிடைக்காது, பை கனக்கும், நீங்கள் கத்தரிக்காய் பொறுக்க நேரம் எடுப்பீர்கள். அப்பாவை ஃபிசியோதெரபிக்குக் கூட்டிப் போகும் நாளில் ஒரு உதவி கேட்டுப் பாருங்கள், முடியாது என்றால் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், சம்பளத்தில் ஒரு பகுதி அப்பா அம்மாவுக்குப் போகும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வரும் சீரியல்களில் போல ஆளை மாட்டவைக்கும் பரீட்சையெல்லாம் வைக்காதீர்கள், அது அசிங்கம். உங்கள் வாழ்க்கை நிஜமாக எப்படி இருக்கிறதோ அதற்குள் அவரைக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். பெட்டைக் குருவி கூரையைப் பிய்த்துப் போடுவதில்லை, இழுத்துத்தான் பார்க்கிறது.

அவரும் உங்களை இழுத்துப் பார்க்கட்டும். நீங்கள் எதைக் காட்டினீர்கள் அன்றைக்கு? புடவையும் தட்டும்தானே. பாவம், டீயைத் தவிர அவருக்குப் பார்க்க என்ன இருந்தது? உங்களுக்குக் கோபம் எப்போது வரும், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ஏப்ரலிலிருந்து ஒருவரோடு பழகி அது முறிந்தது, இதெல்லாம் அவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. கடைசியாகச் சொன்னதைச் சந்தையிலேயே சொல்லிவிட வேண்டாம். இரண்டாம் மூன்றாம் சந்திப்பில், உங்கள் வாயால் சொல்லுங்கள். தீவு சின்னது, நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது மசாலா சேர்த்துச் சொல்வார்கள். கேட்டபிறகு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதும் உங்களுக்கு ஒரு இழுப்பு.

இரண்டு பேருமே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரி. 29 ஒன்றும் வாடிப்போன கூடு இல்லை. அம்மா அழுவார், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

முதலாமவருக்கு நீங்கள் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. "ஏன் மாறினாய்" என்று இன்னொரு முறை கேட்டு எழுதாதீர்கள். பதில் ஆகஸ்டிலேயே கட்டைவிரலாக வந்துவிட்டது. நம்பரை அழியுங்கள். ஆனால் இன்றைக்கு இல்லை. முதலில் 12,000 ரூபாயை எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று இரண்டே வரியில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பூ போட வேண்டாம், சிரிக்கும் முகமும் வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டு எழுதினால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த மறுநாள் அழியுங்கள்.